பேசாமல் வந்த மூன்று அழைப்புகள்

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? இதில் எழுதப்போவது:

1. நான் நலம்.
2. நேற்று வீட்டுக்கு வந்த பேசாத அழைப்புகள்.
3. தனிமை எனக்குப் பழகிவிட்டது.

அலுவலகத் தொலைபேசிகளை இணையவழி அழைப்புச் சேவையோடு இணைக்கும் வேலையை முதலாளி என்னிடம் தந்திருந்தார். இந்த வயதில் சொதப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். சோதனைக்கு நம் வீட்டு எண்ணை அழைத்தேன். ஸ்பீக்கரில் உன் குரல் கணீரென்று கேட்டது. என் குரல்தான் உனக்கு வரவில்லை.

"அலோ, யாருங்க? வாயில பூட்டா போட்டிருக்கு?" என்றாய்.

அலுவலகமே சிரித்தது. "சார், வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே போகும் குரலை மட்டும் ரூட்டர் தடுத்திருந்தது. ஆனாலும், அதைத் திருத்துவதற்கு முன் இன்னும் இருமுறை அழைத்தேன். கடைசி முறை நீ, "யாரா இருந்தாலும் சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. முதலாளிக்குத் திருப்தி. குளிருக்கு நீ போட்டுக்கொள்ளும் என் பழைய கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பிவை. தபால்காரர் தபால்பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.

உன்,
பெரியவன் அப்பா