நண்பரின் குளம்

மார்ச் 3

மறுபடியும் வெள்ளைப் பக்கம். மன்றத்துக்கான மென்பொருளைச் சர்வரில் ஏற்றி, டேட்டாபேஸ் விவரம் கொடுத்து, 'நிறுவு' என்று அழுத்தினால் ஒன்றுமே இல்லை. பிழை இன்னதென்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன? மதியம்வரை மல்லுக்கட்டிக் கடைசியில் பார்த்தால், ஒரு கோப்புறைக்கு எழுதும் அனுமதி கொடுக்கவில்லை. அவ்வளவுதான். என்னையே அறையத் தோன்றியது.

ஹைதராபாத் கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பி, பீமவரத்துக்கு வந்து இரண்டு மாதம். அக்கா வீட்டு மாடியறை. ஜன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் இறால் குளம், தண்ணீரில் காற்றடிக்கும் ஏரேட்டர்களின் ஓயாத சத்தம். தெருவில் கேட்பவர்களிடம், "வீட்ல இருந்தே வேலைங்க" என்கிறேன்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் இறால் வளர்ப்போர் சங்கச் செயலாளர் சுப்பராஜு காரு கேட்டதும் ஒப்புக்கொண்டேன். முதல் தடவை இறால் போட்டவர்களுக்கு ஒரு இணைய மன்றம். வாட்ஸ்அப் குழுவில் எவனாவது கேள்வி கேட்டால், அதன்மேல் தாமரைப்பூ போட்ட 'சுபோதயம்' காலை வணக்கப் படங்கள் வந்து விழுந்து மூடிவிடுகின்றன. மன்றத்தில் கேள்வி அப்படியே இருக்கும். அடுத்த வருடம் வருகிறவனும் தேடிப் படிக்கலாம். இதை விளக்கவே எனக்கு அரைநாள் ஆனது.

மார்ச் 5

பதிவு செய்தால் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகவேண்டும். போகிறது — நேரே குப்பைப் பெட்டிக்கு. இங்கே எவன் மின்னஞ்சல் பார்க்கிறான்? போனுக்கு எண் வருகிற மாதிரி மாற்றினேன்.

மாடிக்கு இணைய இணைப்பு இழுத்ததில் நீலக் கேபிள் கொஞ்சம் மிச்சம். சத்திபாபு பாவா எடுத்துப் போய்விட்டார். அக்கா வீட்டுக்காரருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. "மழை வெயில்னு பாக்காம உழைக்கும்டா இது. குளத்துல இறக்கற தீனித் தட்டு கட்ட வெச்சுக்கறேன்" என்றார்.

ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி வேலையை விட்டு வந்து, குத்தகைக் குளத்தில் பாவா போட்டிருக்கும் முதல் இறால். இது தேறினால் அக்காவும் அவரும் இங்கே. இல்லையென்றால் மறுபடி ஹைதராபாத், ஷிப்ட் வேலை.

மார்ச் 6

விதிகள் எழுதினேன். சொந்தப் பெயர், ஊர், குளம் இருக்கும் இடம் — மூன்றும் கட்டாயம். அவை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விதி 3: அவரவர் சொந்தக் குளத்தைப் பற்றித்தான் கேட்கவேண்டும்.

சுப்பராஜு காரு இழுத்தார். "ஊரு, குளமெல்லாம் எதுக்குப்பா?"

"எந்தத் தண்ணின்னு தெரியாம எவன் பதில் சொல்லுவான்? ஒளிஞ்சு நின்னு எழுத இது கழிப்பறைச் சுவர் இல்லைங்க."

"நீ படிச்சவன்" என்று போனை வைத்துவிட்டார். அந்தத் தொனி பிடிக்கவில்லை.

மார்ச் 12

சங்கக் கூட்டத்தில் திறந்துவைத்தோம். கைதட்டினார்கள். எல்லோர் போனிலும் நானே பதிவு செய்து கொடுத்தேன். ராத்திரிவரை வந்த கேள்விகள்: இல்லை. வந்தது ஒரு தாமரைப்பூ. நீக்கினேன்.

மார்ச் 14

பொறுக்கவில்லை. உறுப்பினர் ஒருவருக்கு நானே போன் செய்தேன்.

"மன்றம் பாத்தீங்களா?"

"ஆஹா, ஜோரா இருக்கு தம்பி."

"ஏதாவது கேளுங்களேன்."

"எனக்கென்ன கேள்வி? என் குளம் பிரமாதமா இருக்கு."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். எல்லார் குளமும் பிரமாதமாக இருந்தால் இறால் மருந்துக்கடை வாசலில் ஏன் இத்தனை பைக்?

மார்ச் 17

கடைசியில் ஒரு கேள்வி! நாகேஸ்வர் என்று ஒருவர். ஊர் என்ற இடத்தில் 'தூரம்'. குளம் இருக்கும் இடம் — ஒரு புள்ளி.

"என் நண்பர் குளத்தில் இறால் கரையோரம் வந்து ஒதுங்குகிறது. தட்டில் தீனி அப்படியே இருக்கிறது. தண்ணீரை மாற்றினால் சரியாகுமா?" கூடவே ஒரு படம்.

தூரமாம். புள்ளியாம். எரிச்சல் தலைக்கேறியது. "விதி 3. நண்பருக்காகக் கேட்பது செல்லாது. குளத்துக்காரரே பெயரோடு வரட்டும்" என்று எழுதி, யாரும் பதில் போட முடியாதபடி கேள்வியைப் பூட்டினேன். ஒருவனிடம் கண்டிப்பாக இருந்தால்தான் மற்றவன் ஒழுங்காக வருவான்.

பாவா ராத்திரிச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனார். ஆவக்காய் ஊறுகாய் போட்டும்.

மார்ச் 18

படங்கள் இடத்தை அடைக்கின்றனவா என்று காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாகேஸ்வரின் படம். தின்னாத தீனியோடு ஒரு தட்டு. அதைக் கட்டியிருக்கும் கயிறு நீலம்.

கயிறு இல்லை. என் கேபிள்.

செருப்புகூடப் போடாமல் குளத்துக்கு ஓடினேன்.

"பாவா, குளத்துல ஏதாவது பிரச்சனையா?"

"பிரச்சனையா? எவன் சொன்னான்? பிரமாதமா இருக்கு. வெயில்ல எதுக்குடா ஓடி வர?"

"தீனி தின்னுதா?"

"பிச்சு உதறுது." தட்டு இருந்த பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "சாயங்காலம் பாதித் தண்ணிய வடிச்சிட்டுப் புதுசு விடப்போறேன். சும்மாதான். உங்க அக்காகிட்ட எதையாவது உளறி வைக்காத."

"எதை?"

"எதையும்தான்டா!"

வடித்தால் பொதுக் கால்வாயில் போகும். கீழே இருக்கிற எல்லோரும் அதிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். நோயாக இருந்தால் — அய்யோ. எனக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும்? சர்வரைத்தான் தெரியும். முகத்துக்கு நேரே கேட்டும் சொல்லாத மனுஷனை நான் என்ன செய்ய?

சமையலறையில் போய்க் கத்தினேன். "ஏன்க்கா இந்த ஊர்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க?"

மங்கா அக்கா வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "திறந்தா? சாயங்காலமே வியாபாரி வந்து நிப்பான், பாதி விலைக்குக் கேப்பான். பக்கத்துக் குளத்துக்காரன் மூஞ்சியத் திருப்பிப்பான். நீ ரெண்டு மாசமா வாசல்ல நின்னு, வீட்ல இருந்தே வேலைன்னு ஊருக்கே சொல்றியே, யாராவது உன் கையில ஃபாரத்தக் குடுத்து, பேரு, ஊரு, வேலை போன காரணம்னு கேட்டா எழுதுவியா?"



மேலே வந்தேன். ஊர் — எடுத்தேன். இடம் — எடுத்தேன். பெயருக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போடலாம். போன் எண்ணை என் கண்ணுக்கும் தெரியாமல் அடைத்தேன். விதி 3 போயிற்று. 'நண்பரின் குளம்' என்று ஒரு பிரிவு திறந்து, நாகேஸ்வரின் கேள்வியை அதில் முதலாவதாக வைத்து, பூட்டை எடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "உங்கள் நண்பர் குளத்தைப் பற்றிக் கேட்கலாம். பெயர் வேண்டாம்."

பிறகு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது. போகவில்லை.

முதல் பதில்: "தண்ணியைத் திறக்காதே. என் நண்பன் திறந்தான். அவனும் போனான், கீழே இருந்தவங்களும் போனாங்க."

இன்னொன்று: "நாலு இறாலை உடனே லேபுக்குக் கொண்டுபோ. பயமா இருந்தா மாமனார் பேர்ல குடு."

இன்னொன்று: "வெள்ளைப்புள்ளி நோய்னு வந்தா யோசிக்காதே. வலை வீசிப் பிடி. அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணியைத் தேக்கி வை."

பிரமாதமான குளத்துக்காரர்கள். எங்கே இருந்தார்கள் இவ்வளவு நாளும்?

சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தேன். பாவா மதகுப் பலகைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். பலகையைத் தொடவில்லை. குளத்திலிருந்து எதையோ ஒரு பையில் அள்ளி, பைக்கை எடுத்துக்கொண்டு டவுன் பக்கம் போனார்.

மார்ச் 20

வலை போட்டார்கள். விரல் நீளம்கூட இல்லை இறால். வரப்பில் நின்றவர்களிடம் பாவா, "விலை நல்லா இருக்கேன்னு முன்னாடியே பிடிச்சிட்டேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 29

ப்ளீச்சிங் நாற்றம் மாடிவரை. தண்ணீர் இன்னும் உள்ளேதான். கீழ்க் குளங்களில் ஏரேட்டர் ஓடுகிறது. அந்தச் சத்தம் இத்தனை நாள் ஏன் எரிச்சலாக இருந்தது?

ஹைதராபாத் போவதைப் பற்றி அக்கா பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு கம்பெனிக்கு எழுதிப்போட்டேன், பதில் இல்லை.

ஏப்ரல் 8

பிடித்த இறாலை விற்றதில், செலவுக்குக் கொஞ்சம்தான் துண்டு விழுந்ததாம். குளம் காய்ந்ததும் மறுபடி குஞ்சு விடப்போகிறார்கள். அக்கா இதைச் சொன்னபோது மாவாட்டிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சைப்பயறுப் பெசரட்டு தோசை இரண்டு அதிகமாகத் தின்றேன்.

ஏப்ரல் 21

'நண்பரின் குளம்' தவிர மற்றப் பிரிவுகளில் ஈயாடுகிறது. இந்த மாவட்டத்தில் நண்பர் இல்லாதவரே கிடையாது போல.

இன்று புதிதாக ஒருவர்: "என் நண்பர் குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்குகிறது…" நான் பார்ப்பதற்குள் பதில் வந்திருந்தது. நாகேஸ்வர். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, லேபில் எந்த ஆளைப் பார்க்க வேண்டும் — எல்லாம் விவரமாக. 'என் நண்பர் பட்ட பாடு இது' என்று முடித்திருந்தார்.

சாப்பிடும்போது பாவாவே ஆரம்பித்தார். "உன் மன்றத்துல நாகேஸ்வர்னு ஒருத்தன் எழுதறானே, விவரமானவன்ல?"

"ஆமா பாவா. யாரோ."

அக்கா இருமிக்கொண்டு உள்ளே போனாள்.

பாவா சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தார். "இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒண்ணுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு கேக்கறாங்களாம். சுப்பராஜு காரு சொன்னாரு." என்னைப் பார்க்காமல் ஒரு வாய் சாப்பிட்டார். "உன் நண்பன் எவனாவது சும்மா இருந்தா சொல்லுடா."

"ஒருத்தன் இருக்கான் பாவா," என்றேன். "கேட்டுச் சொல்றேன்."