செம்புக் குழாய்

ஜூன் 3, செவ்வாய்
வகுப்பில் இன்று ஹைட்ரோகார்பன் பாடம் நடத்தினேன். அல்கேன் என்னை மாதிரி என்றேன்: எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, தீ வைத்தாலொழிய எழுந்திருக்காது. அல்கீனுக்கு இரட்டைப் பிணைப்பு. வழியில் போகிறவர்களிடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், எதிர்வீட்டு டெய்லர் போல. பென்சீன் கூட்டுக்குடும்பம், வளையத்தை விட்டு லேசில் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். முப்பிணைப்புள்ள அல்கைன் என் மனைவி. சும்மா இருக்கும்போதே உள்ளே குமுறும். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

மாலை மச்சானின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். மனைவியின் தம்பி. கார்பைடில் தண்ணீர் விட்டு அசிட்டிலீன் வாயு எடுக்கும் தொட்டியிலிருந்து பளபளவென்று ஒரு குழாய்.

"இரும்பு துருப்பிடிச்சுப் போச்சு மாமா. செம்பு போட்டு ஆறு மாசமாச்சு. நீங்கதான் இந்தப் பக்கமே வர்றதில்ல."

செம்பா?

ஜூன் 4
அசிட்டிலீனும் ஒரு அல்கைன்தான். செம்போடு சேர்ந்தால் குழாய்க்குள் செம்பழுப்பாய்ப் படியும். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்தபின் லேசாகத் தட்டினாலே போதும், வெடிக்கும்.

போனில் "வெடிக்கும்டா" என்றேன். மேற்கொண்டு பேசவிடவில்லை. "ஃப்ரிட்ஜுல வெங்காயம் வெச்சா வெடிக்கும்னு அக்காவ அழ வெச்சீங்களே, அந்த மாதிரியா?"

வெச்சேன்தான். எனக்கு வேணும்.

ஜூன் 5
தம்பியிடம் எடுத்துச் சொல்லும்படி மனைவியிடம் கேட்டேன். "நீங்க எதைத்தான் நெஜமா சொல்லியிருக்கீங்க?" "நம்ம கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேனே." வாய் சும்மா இருந்தால்தானே. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஜூன் 6
பட்டறையில் மச்சான் சுத்தியலால் ஒரு இரும்புக் கேட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குழாய் நடுங்கியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தையே பார்த்தான்.

"மாமா, நெஜமாவே பயப்படுறீங்களா?"

"ஆமாடா."

"சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை கழட்டி எறிஞ்சிடறேன்."

ஜெயித்துவிட்டேன்! வாழ்க்கையில் ஒருத்தன் நான் சொன்னதை நம்பிவிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு
ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் அவனே கூப்பிட்டான். "நீங்க சொன்னீங்களேன்னு நேத்தே தொட்டியக் காலி பண்ணிட்டேன் மாமா. குழாய்க்குள்ள காத்து விட்டு நல்லாக் காயவும் வெச்சாச்சு. ஒரு சொட்டு கேஸ் இல்ல. நட்டு இறுகிக் கெடக்கு, நாலு தட்டு தட்டினா வந்துடும்."

"பாத்துடா, மூக்கைத் தட்டிக்காதே" என்று சிரித்துவிட்டு வைத்தேன்.

காயவும் வெச்சாச்சு.

கழட்டச் சொன்னேன். நனைச்சுக் கழட்டுன்னு சொன்னேனா? சொன்னேனா நான்?

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 19
வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் கட்டு. வலது காது இனிக் கேட்காதாம்.

"என்ன மாமா, ஜோக் ஒண்ணும் இல்லையா?"

மறந்துபோய் அவன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். குனிந்து, மெதுவாகச் சொன்னேன். ஜோக் இல்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை.

என் வாய் அசைந்து நின்றதைப் பார்த்தான். வழக்கம்போல விழுந்து விழுந்து சிரித்தான்.