படிவத்தில் இல்லாத அண்ணன்

அண்ணை,

இன்று காலை ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க் கடையில் மஞ்சள் சவுக்காரம் அடுக்கியிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு கட்டியை அம்மா நூலால் மூன்றாக அறுத்துத் தருவார். நீ உன் துண்டையும் எனக்கு வைத்துவிட்டு வெறும் தண்ணீரில் குளிப்பாய். கேட்காமலே கொடுத்துத் தொலைக்கிற ஆள் நீ.

வீட்டுக்கு ஒருவர் போராட வரவேண்டும் என்று இயக்கத்தார் வாசிகசாலையில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். இயக்கத்தின் பாஸ் இல்லாமல் எங்கள் வயதுக்காரர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற முடியாது. ஒருவர் பெயர் கொடுத்த வீட்டில் மற்றவருக்குப் பாஸ் கிடைக்கும் என்று பேச்சு.

"நான் போறன். நீ வெளியில போ. ரெண்டு பேரும் இஞ்ச இருந்து என்ன செய்யப் போறம்?" என்றாய்.

விரும்பிப் போன பிள்ளை என்று ஊர் உன்னைப் புகழ்ந்தது. விருப்பமாம். நீ புறப்படுமுன், என் பாஸ் வந்த பிறகுதான் நன்றாகத் தூங்கினாய் என்று அம்மா சொன்னார்.

ரொறன்ரோவில் அகதிப் படிவம் நிரப்ப உதவிய அங்கிள், "தம்பி, அண்ணை இயக்கத்தில எண்டு எழுதினா கேஸ் பிழையாப் போயிடும். சகோதரம் இல்லையெண்டு போடும்" என்றார். போட்டேன். நீ அப்போது உயிரோடு இருந்தாய்.

நீ இறந்த செய்தி மூன்று மாதம் பிந்தி அம்மாவின் கடிதத்தில் வந்தது. நவம்பரில் மாவீரர் நாளன்று இங்கே மண்டபத்தில் இறந்த போராளிகளின் படங்களை வைத்து விளக்கேற்றினார்கள். உன் படத்தை நான் கொடுக்கவில்லை. பொய் வெளிப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

பிறகு அம்மாவை ஸ்பொன்சர் செய்தேன். "விசா ஒபிசர் கேட்டா, ஒரு பிள்ளை எண்டு சொல்லுங்கோ" என்று தொலைபேசியில் பழக்கினேன்.

"அப்ப அவன் எனக்கு ஆர்?" என்று கேட்டார்.

"ஒரு சொல்லுத்தானே அம்மா" என்றேன். எவ்வளவு கேவலமான பதில்.

அம்மா சொன்னார், விசாவும் கிடைத்தது. இப்போது என்னோடுதான் இருக்கிறார்.

போன வெள்ளி கோயிலில் ஓர் அன்ரி அம்மாவிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டார். சும்மா ஊர்க்கதை, அங்கே எந்த ஒபிசரும் இல்லை. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இரண்டு என்று நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்டு" என்றார் அம்மா.

அந்த ஒன்றாகத்தான் இங்கே இருக்கிறேன், அண்ணை.