பனியில் ஒட்டிய பிரேக்

பஃபலோ நகரம், ஜனவரி

அன்பு மனைவி நசீப் கவுருக்கு, குருமேஜ் சிங் எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். பனியைக் கொண்டுவரும் ஏரிக்காற்று இந்தப் பக்கம் திரும்பியதுமே, “இன்னிக்கு எவனோ ரோட்டுல மாட்டுவான்” என்றேன். மாட்டியது நம்ம டிரைவர் பையன் லக்பீர். பனிச்சேற்றில் லாரியை ஓட்டி வந்து, ஈரப் பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். திரும்புவதற்குள் பிரேக் உறைந்து சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது.

என்னைச் சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிடுகிறவன், பட்டறைக்கு ஓடி வந்தான். “சாச்சா, வண்டி அசையமாட்டேங்குது!”

“பிரேக்கை ஏண்டா போட்டே கழுதை? சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருந்தா போதாதா?”

கழுத்தளவு பனியில் லாரிக்கடியில் புகுந்தேன். சுத்தியலால் ஒரே அடி. பதினெட்டுச் சக்கரமும் உருண்டன! பட்டறை முதலாளி ஸ்டான் என்னைக் கட்டிக்கொண்டு, நம்ம மகள் ரூபி கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு தந்துவிட்டான்.

குளிருக்குத் தின்னும் கோந்து லட்டும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. ஒரு ஜோடி காய்வதற்குள் மற்றது நனைந்துவிடுகிறது. ரூபியை ஏதாவது பேசிப் பதிவுசெய்து போனில் அனுப்பச் சொல். எதுவானாலும் சரி.

அடுத்த வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். நசீபே, லீவு மட்டும் நானாகச் சேர்த்தது. பனி முடியும்வரை எவனுக்கும் கிடையாதாம். நாளைக்கும் கேட்பேன். லீவு கிடைக்கும்வரை இதை ரூபியிடம் சொல்லாதே.