காய்ந்த கொடியின் சரியான பெயர்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உம்மாவும் நலமா? முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே சுவா சூ காங் வட்டாரத்தில், வீடு கட்டப்போகும் ஒரு காட்டுப் பகுதியில் எங்கள் அலுவலகத்தார் செடிகளைக் கணக்கெடுத்தோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்திருந்தேன். போன வாரம் மேலாளர் அர்ஜுன், "ரிப்போர்ட் அனுப்பியாச்சு. இந்தக் குப்பை எதுக்கு லா? தூக்கிப் போடுங்க" என்றார்.

"நாம பேரைத் தப்பா எழுதியிருந்தா? செடி இருந்தாத்தானே யாராச்சும் திருத்த முடியும்?" என்றேன்.

முறைத்தார். ஆனாலும் காய்ந்த செடிகளைப் பாதுகாக்கும் காப்பகத்துக்குத் தன் காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தப்பாகத்தான் எழுதியிருந்தோம், வாப்பா! காப்பகத்தில் பார்த்துச் சொன்னார்கள். சாதாரணக் கொடி என்று நாங்கள் குறித்தது, இங்கே அழிந்துபோனதாக எல்லோரும் நினைத்திருந்த கொடியாம். மண்வெட்டும் இயந்திரம் வருமுன் ஓடிப்போய் வேரோடு எடுத்தோம். சேற்றில் வழுக்கி விழுந்தேன், அடி ஒன்றுமில்லை. கொடி இப்போது தொட்டியில் துளிர்விட்டிருக்கிறது.

இங்கே தேக்கா சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. இருந்தாலும் உம்மா இடித்த மாசிக்கருவாட்டுத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் என் பெயரை உம்மாவே தன் கையால் எழுதட்டும்.

இன்று பொங்கோல் வட்டாரத்தில் புதிய கணக்கெடுப்பு. கீழே வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
முனீரா