தலையாட்டினால் பாஸ் இல்லை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை வாசலில் உட்கார்ந்து ஒரு காலி மருந்து பாட்டிலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பாட்டில் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார். “ஏனுங்கம்மா, அது காலிங்க,” என்றார். “தெரியுங்க,” என்றேன். மற்ற பாட்டில்களைப் போட்டுவிட்டு அதை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அடியில் இன்னும் பெப்பர்மின்ட் வாசனை இருக்கிறது. பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிய காகிதப் பட்டை இருக்கிறது, அதன் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய வெட்டுகளும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேளை மருந்து.

நீங்கள் பயந்து நான் பார்த்தது அந்தக் கோடையில்தான். பத்து வருசமாகக் கம்பவுண்டர் வகுப்பு எடுத்தவர். பையன்கள் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவரைப் பீளமேட்டுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. மருந்துப் பாடம் நடத்துகிற வாத்தியார்களுக்கு, எப்படி நடத்துவது, எப்படிப் பரீட்சை வைப்பது என்று சொல்லிக் கொடுக்கிற வகுப்பாம்.

“ஸ்லேட்டும் பலப்பமும் வாங்கியாரட்டுங்களா?” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

“பத்து நிமிசம் பாடம் நடத்தோணும் அம்மணி. முடிஞ்சதும் மத்த வாத்தியாருங்க எந்திரிச்சுக் குத்தம் சொல்லுவாங்க.”

“சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க. நான் தெனமும் சொல்றேன், தாங்கிக்கிறீங்கல்ல.”

அதற்கும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

பாடத்தை என்னிடம் ஒத்திகை பார்த்தீர்கள். மூன்றாம் கிளாஸோடு நின்றவளுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று கணக்குப் போட்டீர்கள் போலிருக்கிறது. கணபதியில் நாம் குடியிருந்த வீட்டுச் சமையல்கட்டில், பாட்டிலில் சாயத் தண்ணீர் ஊற்றி, வெட்டுகளைக் காட்டி, நல்ல தமிழில் விளக்கினீர்கள். “புரிஞ்சுதா?” என்றீர்கள். “புரிஞ்சுதுங்க,” என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, “எங்கே, ஒரு வேளை ஊத்து பாப்போம்,” என்று டம்ளரை நீட்டினீர்கள்.

நான் பாட்டிலைச் சாய்த்தேன். சாய்த்தபடியே, தண்ணீர் அடுத்த வெட்டுக்கு இறங்கும் வரை ஊற்றினேன். நிமிர்த்திப் பார்த்தால் மூன்று வேளை மருந்து டம்ளரில் இருந்தது. சாய்ந்த பாட்டிலில் தண்ணீர் ஒரு இடத்திலும் நிமிர்ந்த பாட்டிலில் வேறு இடத்திலும் நிற்கும் என்று எனக்கு எங்கே தெரியும்?

“ஏனுங்க, நான் செத்துப்போயிட்டனுங்களா?” என்று கேட்டேன்.

உங்கள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. “புரிஞ்சுதான்னு கேட்டனே அம்மணி.”

“கேட்டீங்க. வாத்தியார் கேட்டாப் புரிஞ்சுதுன்னுதானுங்களே சொல்லோணும்? இல்லீன்னா மறுக்காவும் மொதல்ல இருந்து சொல்லுவீங்க. அடுப்புல சோறு கொதிக்குது.”

நம் பக்கத்து வழக்கம் அதுதானே. டாக்டர் சொன்னாலும் சரிங்க, கம்பவுண்டர் சொன்னாலும் சரிங்க. புரியாவிட்டால் ரெண்டு சரிங்க. எதிர்க் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைச்சல். நீங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். “கட்டுரை எழுதச் சொல்லிச் சொல்லிப் பாஸ் போட்டிருக்கேன். பாட்டிலைக் குடுத்து ஒருத்தனையும் செஞ்சு காட்டச் சொன்னதில்லை. அவங்கெல்லாம் இப்ப எந்தெந்த ஊர்ல யாருக்கு என்ன சொல்லிக் குடுத்துட்டு இருக்காங்களோ,” என்றீர்கள். அன்றிலிருந்து, ஆஸ்பத்திரியில் யாரோ இறந்துபோனார்கள் என்று யார் சொன்னாலும், முதலில் எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்டீர்கள். நானும் கேட்க ஆரம்பித்தேன்.

பீளமேட்டில் உங்கள் பாடத்தைப் பற்றி என்ன குற்றம் சொன்னார்கள் என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் பரீட்சையை மாற்றினீர்கள். கட்டுரை உண்டு, அது போக, ஒவ்வொரு மாணவனும் ஒரு நோயாளிக்கு மருந்து குடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நோயாளி யார்? நான்.

“அவங்க சொன்னபடி மட்டும் செய். உனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சுபோடாதே,” என்று எச்சரித்துக் கூட்டிப் போனீர்கள். நோயாளி என்றால் இருமட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள்.

மற்ற எல்லோரும் ஒருவாறு தேறினார்கள். கடைசியில் வந்தது சூலூர்ப் பையன். கட்டுரையில் அவன்தான் முதல். வேலை கிடைத்த கையோடு கல்யாணம் என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். மருந்தைப் பற்றி மேடைப் பேச்சு மாதிரி பேசிவிட்டு, “ஒரு வெட்டு அளவு ஊத்திக் குடிங்கம்மா, புரிஞ்சுதுங்களா?” என்றான்.

“புரிஞ்சுதுங்க கண்ணு.”

“ஊத்திக் காட்டுங்க,” என்றீர்கள் நீங்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

பாட்டிலைக் கையில் எடுத்தேன். எனக்குத்தான் இப்போது சரியாக ஊற்றத் தெரியுமே. கொஞ்சம் ஊற்றி, நிமிர்த்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அவன் கல்யாணம் நடக்கும். அவன் மீசை மேல் வேர்வை. அவன் சொல்லாததை நான் செய்தால், நாளைக்கு எந்த ஊர்ப் பொம்பளை எந்தக் குழந்தைக்கு ஊற்றுவாள் என்று நினைத்தேன். சாய்த்தேன். சாய்த்தபடியே ஊற்றினேன். மருந்து இரண்டாவது வெட்டையும் தாண்டிப் போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் அவன் அப்பா வீட்டுக்கே வந்தார். “ஏனுங்க வாத்தியாரே, ஒரு பொம்பளை சாஸ்தியா ஊத்திப்போட்டதுக்கு எம்பையன் ஃபெயிலுங்களா?”

“உங்க பையன் சொன்னபடிதானுங்க ஊத்துனாங்க.”

“கல்யாணம் நின்னா யாருங்க பதில் சொல்றது?”

“நான்தானுங்க. பாஸ் போட்டு ஒரு உசிரு போனாலும் நான்தானுங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, அவர் அடியாளோடு திரும்பி வருவார் என்றே பயம். உங்களுக்கு வேறு பயம், பெண் வீட்டார் என்ன சொல்லுவார்களோ என்று. பல நாள் தபால்காரர் மணி அடித்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெண் வீட்டார் காத்திருந்தார்கள். அடுத்த பரீட்சைக்கு அவன் வந்தான். மேடைப் பேச்சே இல்லை. பாட்டிலை மேஜை மேல் நிமிர்த்தி வைத்தான். “கொஞ்சம் ஊத்துங்க. நிமித்திப் பாருங்க. இன்னும் கொஞ்சம். போதுங்கம்மா. இப்ப நீங்களா ஒருக்கா செய்யுங்க, நான் பாக்கறேன்.” நான் ஒரு சொட்டுப் பிசகாமல் ஊற்றினேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள், அதில் ஒரு அழுக்கும் இல்லை.

வரும் வழியில், “இனிமேலாச்சும் பயமில்லாம சோறு திங்கலாமுங்களா?” என்றேன்.

“பயம் போகக்கூடாது அம்மணி. பயம் போன வாத்தியார் மார்க்கை வாரி எறைச்சுப்போடுவான்,” என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மற்றதெல்லாம் பழகிவிட்டது. அந்தப் பயம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. யாராவது “சரிங்க” என்று தலையாட்டினால், சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள் என்கிறேன். கீரைக்காரி முதல் மருமகள் வரை யாரையும் விடுவதில்லை.

போன வாரம் ஒருவர் புது மாதிரி மண்ணெண்ணெய் ஸ்டவ் விற்க வந்தார். ஆபத்தே இல்லாதது என்று வெகுநேரம் விளக்கி, புரிஞ்சுதுங்களா என்றார். பற்றவைத்துக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். ஜன்னல் திரையும் அவருடைய இடது மீசையும் எரிந்தன. மோர் கொடுத்து அனுப்பினேன். ஸ்டவ் வாங்கவில்லை.