பாய்மரத்தில் தொங்கியவர்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? உனக்குக் காது கேட்டிருந்தால் இந்தச் சேதியைப் போனிலேயே கத்தியிருப்பேன். எங்கள் திரைப்படக் காப்பகத்துக்குத் துருப்பிடித்த டப்பாக்கள் சில வந்தன. மூடியை நெம்பித் திறந்தால் புளித்த வாடை. உள்ளே ஊமைப்படம்: கொள்ளைக்கப்பல், புயல், கத்திச்சண்டை. ஆமாம் அம்மா, தாத்தா கதாநாயகனாக நடித்த படமேதான்! ஒரு பிரதிகூட மிச்சமில்லை என்று எல்லாரும் கைகழுவிய படம்.

டிஸ்கில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் அப்பாவின் மேல் உனக்குள்ள கோபம் தெரியும். இருந்தாலும் ஒருமுறை பார்.

உன் மகள்

மார்ச் 11

என் கண்ணுக்கு,

அவர் எவளோடோ கப்பலேறி ஓடிப்போனார் என்று படக் கம்பெனிக்காரர்கள் சொன்னதை நம்பி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வளர்ந்தவள் நான். டிஸ்கைத் தொடுவதாகவே இல்லை. பக்கத்து வீட்டு டைலர்தான், "சும்மா பாருங்கம்மா, பிடிக்கலேன்னா அணைச்சிடலாம்" என்று போட்டுவிட்டார்.

புயலில் பாய்மரத்தில் தொங்கியபடி கத்துகிறாரே, அது வசனம் இல்லையடி. வாயசைவைப் படித்தே காலம் தள்ளுகிறவளுக்குத் தெரியாதா? "கயிறு பிரியுது! நடிப்பில்லைய்யா, நிறுத்துங்க!" என்கிறார். யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வரும் காட்சிகளில் கதாநாயகனின் முதுகு மட்டும்தான் தெரிகிறது, கவனித்தாயா? அந்தத் தோள் அப்பாவுடையது இல்லை.

அவர் எங்கேயும் ஓடவில்லை. செத்துப்போன மனிதரையா இத்தனை வருஷம் கரித்துக்கொட்டினேன்?

கடலில் விழுந்த பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். அதை மட்டும் எழுத மாட்டேன்.

அம்மா

மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். படச்சுருளை அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் விரித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். கயிறு பிரிவது நன்றாகவே தெரிகிறது. "அடப்பாவிகளா!" என்று எங்கள் மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். படத்தைத் திரையிடும்போது, நடந்ததை முதலில் எழுதிக் காட்டப்போகிறோம்.

ஆனால் அம்மா, அவர் விழுந்ததும் அலை மூடிவிடுகிறது. காட்சியும் அங்கேயே முடிகிறது. அவர் தலையைத் தூக்கவே இல்லை. சுருளிலும் இல்லை, டிஸ்கிலும் இல்லை. நீ என்ன பார்த்தாய்?

அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறேன். அதுவரை டிவியைப் போடாதே. எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உன் மகள்

மார்ச் 23

என் கண்ணுக்கு,

உனக்கு அங்கேயே முடிந்துவிடுகிறதா? டைலரும் அப்படித்தான் சொன்னார். "வெறும் தண்ணிதானேம்மா தெரியுது" என்றவர், அதன்பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை.

எனக்கு முடியவில்லையடி. தினமும் கொஞ்சம் கிட்ட நீந்தி வருகிறார். முதலில் நானும் பயந்தேன். இப்போது பழகிவிட்டது. மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறார். கல்யாணம் ஆச்சா, பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். ஒரே பெண், உங்கள் படத்தைக் கண்டெடுத்ததே அவள்தான் என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. "அவளை வரச் சொல்லு பாப்பா, நான் கரைக்கு வந்துட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை கட்டாயம் வா. வரும்போது பெரிய துண்டாக ரெண்டு வாங்கி வா. வீட்டில் இருந்ததெல்லாம் நனைந்துவிட்டது.

அம்மா